முத்துப் பார்லி: கஞ்சி முதல் அடை வரை ஒரு டெல்டா அடுப்படிக் குறிப்பு

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து மளிகைக் கடைகளில் பார்லி கேட்டால் பெரும்பாலும் முத்துப் பார்லிதான் கிடைக்கும். உமியும் மேல்தவிடும் இயந்திரத்தில் தேய்த்து எடுக்கப்பட்ட, வெள்ளையாக உருண்ட மணி. ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் வயிற்றுப் பக்கம் நீளவாக்கில் பழுப்புக் கோடு ஒன்று ஓடும். தேய்க்கும் கல் அந்த மடிப்புக்குள் எட்டாததால் அங்கே தவிடு தங்கிவிடுகிறது. அழுக்கு என்று நினைத்து ஏழெட்டுத் தண்ணீர் கழுவினாலும் கோடு போகாது, போகவும் வேண்டாம். மூன்று தண்ணீர் போதும்.

இரண்டாவது வகை, உமி மட்டும் நீக்கித் தவிடு நிற்கும் முழுப் பார்லி. நிறம் மங்கலான பழுப்பு, இரண்டு முனையும் கூர். இயற்கை அங்காடிகளில் கிடைக்கும். மூன்றாவது உமியோடு வருவது. பார்லியில் உமி மணியோடு ஒட்டியே வளரும், நெல் உமி மாதிரி உரலில் குத்தினால் கழன்று வராது. இதை அப்படியே வேகவைத்தால் தொண்டையில் குத்தும். முளைகட்டுவதற்குத் தவிர வேறு எதற்கும் வீட்டில் இது உதவாது. கீழே வரும் அளவுகள், தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம், முத்துப் பார்லிக்கானவை.

டெல்டாவில் பார்லி விளைவதில்லை. அது குளிர்காலப் பயிர். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்துப் பங்குனி, சித்திரையில் அறுப்பார்கள். அந்த விதைப்புக் காலத்தில் இங்கே வடகிழக்குப் பருவமழை கொட்டும், சம்பா வயலில் தண்ணீர் நிற்கும். உவரைத் தாங்குகிற பயிர்தான், ஆனால் வேரில் நீர் தேங்கினால் தாங்காது. தமிழ்நாட்டில் நீலகிரி மலையில் படுகர்கள் பயிரிட்டிருக்கிறார்கள், சமவெளியில் வழக்கமில்லை. அதனால் நம் கடைக்கு வருவது ரயிலும் லாரியும் ஏறி, கிடங்கில் பல மாதம் இருந்துவிட்டு வரும் சரக்கு. வாங்கும்போது பையை முகர்ந்து பாருங்கள். காய்ந்த வைக்கோல் வாசனை வந்தால் சரி. பழைய எண்ணெய் வாசனையோ பூஞ்சை வாடையோ அடித்தால் எத்தனை கழுவினாலும் கஞ்சியில் அது தெரியும்.

எல்லாச் சிக்கலுக்கும் வேர் ஒரு பசை

பார்லியை அரிசி மாதிரி நினைத்து வைத்தால் குழையும், குழையாமல் வைத்தால் ரப்பர் மாதிரி இருக்கும், ஆறினால் கட்டியாகும் என்று புகார் வரும். மூன்றுக்கும் காரணம் ஒன்றே. பார்லி மணியின் உள்சதையில், ஒவ்வொரு செல்லின் சுவரிலும் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார் இருக்கிறது. சூடான தண்ணீரில் இது கரைந்து வழவழப்பான பசையாகும். கோதுமையில் நார் பெரும்பாலும் தவிட்டில் இருப்பதால் தீட்டினால் போய்விடும். பார்லியில் இந்த நார் மணியின் நடுவரை பரவியிருப்பதால் தீட்டினாலும் பெரும்பகுதி தங்கும். முழுப் பார்லியில் 100 கிராமுக்கு சுமார் 17 கிராம் நார் என்றால், முத்துப் பார்லியிலும் 15 கிராமுக்கு மேல் இருக்கிறது. வெள்ளை அரிசியில் 1 கிராம் சொச்சம்.

கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் என்று சொல்லப்படுவதும் இந்தப் பசைதான். நாளுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் என்ற கணக்கை வைத்து, பார்லிப் பொருள்களின் உறையில் இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று அச்சிட 2006-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. பசையைக் கழுவிக் கொட்டினால் அந்தப் பலனில் ஒரு பங்கும் சாக்கடைக்குப் போகும் என்பது நினைவிருக்கட்டும்.

ஆக, அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: இன்று செய்யப்போகிற பண்டத்துக்குப் பசை வேண்டுமா, வேண்டாமா? கஞ்சி, பொங்கல், பாயசம், தயிர் கலந்தது எல்லாம் பசையை விரும்பும். புளியோதரை, எலுமிச்சை, உப்புமா விரும்பாது. இட்லி நடுவில் நின்று வம்பு பண்ணும்.

ஊறவைத்தல், குக்கர், நுரை

அளவுக்கு 200 மில்லி டம்ளர். தலைதட்டி ஒரு டம்ளர் முத்துப் பார்லி ஏறக்குறைய 165 கிராம் நிற்கும். வெந்ததும் மூன்று மடங்காகும். நான்கு பேருக்கு ஒன்றரை டம்ளர் தாராளம். முதல்முறை செய்பவர்கள் அரிசிக் கணக்கில் போட்டுவிட்டு இரண்டு நாள் சாப்பிடுவார்கள்.

நான்கு மணி நேரம் ஊற வேண்டும். ஊறியதா என்று பார்க்க, ஒரு மணியை நகத்தால் குறுக்கே கிள்ளுங்கள். உள்ளே சுண்ணாம்புப் பொடி மாதிரி உலர்ந்த வெள்ளை தெரிந்தால் இன்னும் நேரம் வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் ஆறு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்தால் தண்ணீர் புளித்து நுரை கட்டும். இரவு முழுக்க ஊற வேண்டுமென்றால் குளிர்பெட்டிக்குள் வையுங்கள்.

குக்கரில் ஊறிய பார்லி ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். முதல் விசில் வந்ததும் தீயை சிம்மில் வைத்து 12 நிமிடம். ஊறாதது என்றால் மூன்று டம்ளர் தண்ணீர், 20 நிமிடம். முழுப் பார்லி இரவு ஊறியிருக்க வேண்டும், மூன்றரை டம்ளர் தண்ணீர், 25 முதல் 30 நிமிடம். விசில் எண்ணுவதைவிட நிமிடம் பார்ப்பது நம்பகமானது. பர்னர் பெரிதாக இருந்தால் விசில் விரைவாக வரும், மணி வேகாது.

குக்கரில் கவனிக்க வேண்டியது நுரை. பசையும் மாவுச்சத்தும் சேர்ந்து கொதிக்கும்போது பொங்கி வெயிட் குழாய்க்குள் ஏறும், அங்கே காய்ந்து அடைக்கும். சாதம் வைக்கும்போது பாதிக்கு மேல் நிரப்பினாலும் ஓடிவிடும், பார்லிக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மணியும் தண்ணீரும் சேர்ந்து இருக்கக் கூடாது. ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டால் நுரை அடங்கும். வெயிட்டைத் தூக்கி ஆவியைப் பிடுங்கவே கூடாது. அழுத்தம் சட்டென்று இறங்கினால் கஞ்சியெல்லாம் குழாய் வழியே பீய்ச்சும், சுவரும் கையும் வேகும். தானாக அடங்கட்டும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் மணியின் நடுவும் வேகிறது. முடிந்ததும் குழாய்க்குள் ஈர்க்குச்சி விட்டுத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள். அடுத்த முறை சாதம் வைப்பவர் உங்களைத் திட்டாமல் இருப்பார்.

வெந்த பதம்: ஒரு மணியை இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கினால் தட்டையாக வேண்டும், நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி இருக்கக் கூடாது. கடித்தால் பல்லுக்கு லேசான எதிர்ப்பு இருக்கும். அது இருக்கத்தான் வேண்டும், அரிசி மாதிரி மசிய வேண்டும் என்று எதிர்பார்த்தால் மணி வெடித்துக் களியாகும்.

வெந்த பார்லி சிறிது நேரத்தில் சாம்பல் பூத்தாற்போல் நிறம் மங்கும். கெட்டுப்போனது அல்ல. மணியில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் காற்றுப் பட்டுக் கறுப்பதால் வருவது. இரும்புச் சட்டியில் வைத்தால் இன்னும் மோசமாகக் கறுக்கும். வெள்ளீயம் பூசிய வெண்கலப் பானையோ எவர்சில்வரோ நல்லது.

கஞ்சி இரண்டு விதம்

தெளிந்த பார்லித் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி பார்லி, அதாவது 25 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர். மூடாத பாத்திரத்தில் சிறு தீயில் 30, 35 நிமிடம் கொதித்து முக்கால் லிட்டராகச் சுண்டியதும் வடிகட்ட வேண்டும். உப்பும் எலுமிச்சையும் ஆறின பிறகுதான். வடிகட்டியில் நின்ற மணி வெந்துதான் இருக்கும், குழம்பில் போடலாம், மோரில் போடலாம், தூக்கிப் போடத் தேவையில்லை. கோடையில் இந்தத் தண்ணீர் நான்கைந்து மணி நேரத்தில் புளித்துவிடும்.

கெட்டிக் கஞ்சிக்கு மணியை வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்து, மிக்சியில் விட்டு விட்டுச் சுற்றிக் குருணையாக உடைக்க வேண்டும். குருணை 40 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். சூடான தண்ணீரில் நேராகக் கொட்டினால் வெளிப்புறம் பசையாகி உள்ளே உலர்ந்த கட்டிகள் நிற்கும், அவை பிறகு கரையாது. ஒரு கை பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டுக் கொதிக்கும் தண்ணீரில் ஊற்றி, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே 15 நிமிடம். இறக்கும்போது அரிசிக் கஞ்சியைவிட நீர்க்க இருக்கட்டும், கால் மணி நேரத்தில் தானே இறுகும். மோர் விடுவதானால் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு. சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் போதும். சுண்டைக்காய் வற்றல் இருந்தால் இன்னும் சேரும், பார்லியின் லேசான இனிப்புக்கு அந்தக் கசப்பு எடுப்பு.

பழையது மாதிரி வெந்த பார்லியில் தண்ணீர் ஊற்றி இரவு வைத்தால் காலையில் தண்ணீர் தெளிந்த நீராகாரமாக இருக்காது. கையில் எடுத்தால் நூல் நூலாக வழியும். அது பசை, கெடுதல் இல்லை. ஆனால் அழுகல் வாடை வந்தாலோ மேலே நிற ஏடு கட்டினாலோ கொட்டிவிட வேண்டும். உள்ளதைச் சொன்னால், பழையதுக்குச் சோற்றை அடிக்க எதுவும் கிடையாது. பாதி சோறு, பாதி பார்லி கலந்து ஊற்றினால் வழவழப்பு பொறுக்கும்படி இருக்கும்.

கால் வீக்கத்துக்கும் நீர்க்கடுப்புக்கும் பார்லி குடிக்கச் சொல்வது ஊர் வழக்கம். வயிற்றுக்கு இதம், தண்ணீர் உள்ளே போகிறது, அந்த மட்டில் நல்லது. கர்ப்பிணிக்கு வீக்கத்தோடு தலைவலி, கண் மங்கல் இருந்தால் கஞ்சி வைத்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு கடுப்பு இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குப் பார்லித் தண்ணீர் எந்தப் பெயரிலும் வேண்டாம். கோதுமையில் இருப்பது போன்ற குளூட்டன் வகைப் புரதம் பார்லியிலும் உண்டு, ஆகவே குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடக் கூடாது. சிறுதானிய வரிசையில் சேர்த்து விற்கப்படுவதால் இந்த விஷயம் பலருக்குத் தெரியாமல் போகிறது.

பொங்கலும் சாம்பார் கலந்ததும்

வெண்பொங்கலில் பார்லி அரிசிக்குச் சமமாக நிற்கும். ஊறிய பார்லி ஒரு டம்ளர், வறுத்த பாசிப்பருப்பு கால் டம்ளருக்குச் சற்று மேல், தண்ணீர் நாலரை டம்ளர், சிம்மில் 18 நிமிடம். திறந்ததும் சூடாக இருக்கும்போதே கரண்டியின் பின்புறத்தால் பாதி மணியை மசித்துவிட்டு, அரை டம்ளர் சூடான பால் சேர்த்துக் கிளற வேண்டும். நெய்யில் மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை. பார்லி நெய்யை அரிசி அளவுக்கு உறிஞ்சாது. வழக்கமாக ஊற்றுவதில் முக்கால் பங்கு போதும், மேலே ஊற்றினால் தட்டில்தான் நிற்கும். பந்தியில் பரிமாற நேரமாகும் என்றால் ஒரு டம்ளர் வெந்நீர் பக்கத்திலேயே இருக்கட்டும். இறுகியதைப் பாலால் தளர்த்தினால் திகட்டும், வெந்நீரே நல்லது.

சாம்பார் சாதம் மாதிரி செய்யும்போது புளித்தண்ணீர் கடைசியில். புளிப்பு மணியையும் பருப்பையும் இறுக வைக்கும், முன்னாடியே விட்டால் எத்தனை நேரம் வைத்தாலும் துவரம்பருப்பு முழுசாகவே நிற்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் இது இன்னும் மோசம். பார்லி எப்படியோ வெந்துவிடும், பருப்பு வேகாது. அங்கெல்லாம் சமையலுக்குக் குழாயில் வரும் கொள்ளிடத்துத் தண்ணீரையோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரையோ பயன்படுத்தி, பருப்பைத் தனியே வேகவைத்துச் சேர்ப்பது உத்தமம்.

புளியோதரைக்குப் பசையை வடிக்க வேண்டும்

இதற்குக் குக்கர் ஆகாது. ஊறிய பார்லி ஒரு டம்ளருக்கு எட்டு டம்ளர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு. அகலமான பாத்திரத்தில் மூடாமல் 25 முதல் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கட்டும். வெள்ளைப் புள்ளி மறைந்த அந்த நிமிடமே வடித்துவிட வேண்டும், இரண்டு நிமிடம் தாண்டினால் மணியின் முதுகு வெடிக்கும். வடிதட்டில் கொட்டி ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றிக் கையால் அலசினால் மேற்பரப்புப் பசை இறங்கும். பிறகு தாம்பாளத்தில் பரப்பி ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் பிசிறி, விசிறிக்கு அடியில் அரை மணி நேரம். இதன் பிறகுதான் புளிக்காய்ச்சல்.

வழக்கமான புளிக்காய்ச்சலைவிடச் சற்றுக் கெட்டியாகவும் உறைப்பு கூடுதலாகவும் இருக்க வேண்டும். பார்லி மணி தடிமன், உள்ளே சாறு இறங்க நேரமாகும், கலந்து ஒரு மணி நேரம் கழித்தே உப்பு, காரம் பார்க்க வேண்டும். வடித்த தண்ணீரில் நல்ல பசை இருக்கிறது. அதில் மோரும் பெருங்காயமும் கலந்தால் மத்தியானத்துக்கு ஆயிற்று. கொட்டாதீர்கள்.

தயிர் கலப்பதற்கு அலச வேண்டாம், குக்கரில் வைத்ததே சரி. நன்றாக ஆறிய பிறகு பாலும் தயிரும் பாதிப் பாதி, கையில் வழியும் அளவுக்குத் தளர்வாகக் கலந்தால் சாப்பிடும் நேரத்தில் சரியாக இருக்கும்.

இட்லி மாவு

அதிகம் கெட்டுப்போவது இதுதான், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். அரிசிக்குப் பதில் முழுக்கப் பார்லி போட்டு இட்லி செய்யலாம் என்று பலரும் சொல்வார்கள். செய்யலாம்தான், துணியிலிருந்து எடுக்கத்தான் முடியாது. மாவில் பசை கூடினால் காற்று நிற்கும், நன்றாக எழும்பும். வேகும்போதும் உப்பித் தெரியும். மூடியைத் திறந்து ஆவி அடங்கியதும் பசை சுருங்கி இட்லி தட்டையாகும், ஆறினால் இழுத்தால் நீளும். அரிசியின் குருணைதான் இட்லிக்கு எலும்பு, அது போதிய அளவு இருக்க வேண்டும்.

நம்பி இறங்கக்கூடிய அளவு: இட்லி அரிசி மூன்று டம்ளர் (ஆடுதுறை 37 மாதிரியான குண்டு ரகம் என்றால் நல்லது), பார்லி ஒரு டம்ளர், தோல் நீக்கிய முழு உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் அரைத் தேக்கரண்டி. வெந்தயமும் வழவழப்பு கொடுக்கும் பொருள் என்பதால் வழக்கத்தில் பாதிதான். பார்லியைத் தனியாக ஆறு மணி நேரம், அரிசியை நான்கு, உளுந்தையும் வெந்தயத்தையும் இரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். மூன்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டால் உளுந்து அளவுக்கு மீறி ஊறும், பார்லி நடுவில் கல்லாக நிற்கும்.

கிரைண்டரில் முதலில் உளுந்து, குளிர்ந்த தண்ணீர் தெளித்துத் தெளித்து 25, 30 நிமிடம். எடுத்துவிட்டுப் பார்லியை மட்டும் போட்டு 15 நிமிடம் மையாக அரைக்க வேண்டும். அதன் பிறகு அதே மாவிலேயே அரிசியைக் கொட்டி, விரலில் நைஸ் ரவை தட்டுப்படும்போது நிறுத்த வேண்டும். பார்லி மையாக, அரிசி ரவையாக என்பது தலைகீழானால் இட்லியில் அங்கங்கே நாக்கில் ஒட்டும் மணிகள் தட்டுப்படும்.

தண்ணீர் விஷயத்தில்தான் கை நடுங்க வேண்டும். அரைத்த உடனே மாவு சரியான பதத்தில் தெரியும். பார்லிப் பசை தண்ணீரை இழுக்க அரை மணி நேரம் எடுக்கும், அதன்பின் அதே மாவு கரண்டியிலிருந்து விழாமல் நிற்கும். அதனால் உப்புப் போட்டுக் கையால் கலந்து, அரை மணி விட்டு, அப்புறம் பதம் பாருங்கள். கரண்டியைக் கவிழ்த்தால் பட்டையாக, தயங்கி விழ வேண்டும். தேவைப்பட்டால் கால் டம்ளர், அதற்கு மேல் இல்லை.

புளிப்பு: கத்திரி வெயிலில் ஆறு, ஏழு மணி நேரம் போதும், மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் கூட ஆகும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். பசை இருப்பதால் இந்த மாவு பொங்கினால் தானாக உடைந்து அமராது, மூடியைத் தூக்கிக்கொண்டு மேடையில் வழியும். பொங்கிய மாவைக் கலக்காமல் ஓரத்திலிருந்து எடுத்து ஊற்ற வேண்டும். 12 நிமிடம் வேகட்டும். இறக்கியதும் மூன்று நிமிடம் அப்படியே விட்டு, தண்ணீரில் நனைத்த கரண்டியால் எடுத்தால் ஒட்டாது. நிறம் லேசான சாம்பல்தான், மல்லிகைப்பூ நிறத்தை இதில் தேடக் கூடாது. இந்த இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கும்பகோணம் கடப்பா நன்றாகச் சேரும். சட்னி மட்டும் என்றால் கொஞ்சம் மொத்தையாக உணரலாம்.

தோசைக்கு விதி தளர்வு. பார்லி இரண்டு, அரிசி ஒன்று, உளுந்து அரை டம்ளர் போதும். மாவு கரண்டியோடு சேர்ந்து சுருண்டு வந்தால் கல் அதிகம் காய்ந்திருக்கிறது, அல்லது மாவு கெட்டி. தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, மாவில் இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவும் கொஞ்சம் தண்ணீரும் சேருங்கள். மொறுமொறுப்பு சில நிமிடம்தான் நிற்கும், டிபன் டப்பாவுக்கு ஆகாது.

அடை

பார்லிக்கு டெல்டாச் சமையலில் மிகப் பொருத்தமான இடம் எது என்று கேட்டால் அடைதான். கல்லில் நிதானமாக வேகும்போது பசையின் ஈரம் வற்றிவிடுகிறது. கரகரப்பான அரைப்பில் மணி பல்லுக்குக் காட்டும் எதிர்ப்பு குறையாகத் தெரியாது. பார்லி ஒரு டம்ளர், புழுங்கலரிசி அரை டம்ளர், துவரையும் கடலைப்பருப்பும் கால் கால் டம்ளர், உளுந்து இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் ஆறு, பெருங்காயம், உப்பு. நான்கு மணி நேரம் எல்லாம் சேர்ந்தே ஊறலாம். மிக்சியில் கடலைப்பருப்பு பாதியாக உடைந்து தெரியும் அளவுக்கு அரைத்தால் போதும், புளிக்க வைக்கத் தேவையில்லை. நறுக்கிய சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை அல்லது பொடியாக அரிந்து மோரில் போட்டெடுத்த வாழைப்பூ. கையால் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு நல்லெண்ணெய் விட்டு, மிதமான தீயில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம். அவசரப்பட்டால் மேல் சிவந்து உள்ளே பச்சை மாவு வாடை நிற்கும்.

உப்புமாவுக்கு வறுத்து உடைத்த குருணையைச் சலித்து மாவை நீக்கிவிட வேண்டும், மாவு நின்றால் களிதான். குருணை ஒன்றுக்குத் தண்ணீர் இரண்டரை. வறுவல் ஒரே சீராகப் பொன்னிறமாக இருந்தால் பசை குறைவாகவே வெளியே வரும்.

பாயசத்துக்கு மூன்றில் ஒரு டம்ளர் பார்லி, முக்கால் லிட்டர் பால், 150 கிராம் வெல்லம். பார்லி முழுக்க வெந்த பிறகே வெல்லம். இனிப்பு மணிக்குள் தண்ணீர் போவதைத் தடுக்கும், அரைவேக்காட்டில் போட்டால் மணி அப்படியே விறைத்து நிற்கும். வெல்லத்தைத் தனியே கரைத்து மண் போக வடிகட்டி, பாயசத்தை அடுப்பிலிருந்து இறக்கி ஆறவிட்டுக் கலந்தால் பால் திரியாது.

முளை, மில், பூச்சி

முத்துப் பார்லியை முளைகட்ட முடியாது. தீட்டும்போதே கரு போய்விடுகிறது. ஈரத்துணியில் கட்டி வைத்தால் இரண்டாம் நாள் நாற்றம்தான் மிச்சம். உமியோடு இருக்கும் விதைத்தன்மையுள்ள மணிதான் வேண்டும். அதை எட்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, பரப்பி, காலையும் மாலையும் அலசிப் புரட்டிவிட வேண்டும். 15 முதல் 20 டிகிரி வரை சூடுதான் இதற்கு இதம், இங்கே அதை ஒட்டி வருவது மார்கழி, தை இரவுகள் மட்டும். கோடையில் வேருக்கு முன் பூஞ்சை வந்துவிடும். பச்சையோ கறுப்போ படிந்தால் மொத்தத்தையும் எறிந்துவிடுங்கள், கழுவிக் காய வைத்துப் பயன்படுத்த வேண்டாம். வேர் மணியளவு நீளம் வந்ததும் நல்ல வெயிலில் முறுகக் காய வைத்து, உள்ளங்கையில் தேய்த்துக் காய்ந்த வேரைப் புடைத்து எடுக்க வேண்டும், அது கசக்கும். லேசாக வறுத்து அரைத்து, உமி போக மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். முளையில் உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தையும் பசையையும் உடைப்பதால் இந்த மாவுக் கஞ்சி இறுகாது. சத்துமாவுக் கஞ்சி கெட்டியாகிறது என்றால் இதில் ஒரு தேக்கரண்டி, கஞ்சி இளஞ்சூட்டில் இருக்கும்போது கலந்து பத்து நிமிடம் விட்டால் தளர்ந்து கொடுக்கும், பிறகு ஒரு கொதி விட்டு இறக்கலாம்.

மாவு மில்லுக்குக் கொண்டுபோனால் முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். மிளகாய், மல்லிக்குப் பிறகு என்றால் காத்திருப்பது மேல், அரிசிக்கோ கோதுமைக்கோ பிறகு கொட்டலாம். கழுவிக் காய வைத்த மணி என்றால் பல்லில் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும், இல்லாவிட்டால் கல்லில் அப்பிக்கொள்ளும், மில்காரர் முகம் சுளிப்பார். சூடாக வரும் மாவை உடனே டின்னில் அடைக்காமல் செய்தித்தாளில் பரப்பி ஆறவிட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து, அந்தத் துளி விழுந்த இடமெல்லாம் கட்டி பிடிக்கும். மாவு ஒரு மாதம், முத்து மணி ஆறு மாதம், முழுப் பார்லி அதற்கும் குறைவு. முழு மணியில் கருவும் அதன் எண்ணெயும் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும்.

ஐப்பசி மழைக் காற்றில் அரிசியில் வரும் அதே வண்டு இதிலும் வரும். உமிக் கவசம் போய்விட்டதால் முத்துப் பார்லி அதற்குச் சுலபமான இரை. வெயிலில் பரப்பினால் ஓடுவது வளர்ந்த வண்டு மட்டும், மணிக்குள் துளைத்து வைத்த முட்டை அப்படியே இருக்கும், ஒரு மாதத்தில் மறுபடி வரும். வாங்கி வந்ததும் பையோடு நான்கு நாள் உறைபெட்டியில் வைத்தால் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டு, மேலே பூத்த ஈரத்தைத் துடைத்துவிட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் கொட்டுங்கள். ஊறவைக்கும்போது ஊசித்துளை விழுந்த மணிகள் மேலே மிதக்கும், அவற்றை அரித்து எடுத்துவிடலாம். ஒரு கை அளவுக்கு மிதந்தால் அந்தச் சரக்கு கோழிக்குத்தான்.